ஓடிச்சா?

வாசல்படியில் அவள் காலை வைக்கும் முன்பே கேள்வி வந்து நின்றது.

"ஏட்டி எப்சிபா, ஓடிச்சா?"

பிளஸ் டூ கம்ப்யூட்டர் பிராக்டிகல் முடிந்து வெளியே வருகிறவளிடம் வேறு எதையும் கேட்பதில்லை. புரோகிராம் ஓடியதா, ஓடவில்லையா. அவ்வளவுதான்.

"ஓடிச்சு," என்றாள்.

வாய் கூசவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்ட் நிழலில் வகுப்பே நின்றது. எல்லோருக்கும் ஓடியிருந்தது. ஜெயரூபிக்கு முதல் தடவையிலேயே ஓடியதாம். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எப்சிபா ஒரு சைக்கிளில் சாய்ந்துகொண்டு பையை மார்போடு அணைத்தாள்.

பைக்குள் அட்டை இருந்தது.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை இந்த வருடம் முழுக்கப் பூட்டியேதான் கிடந்தது. போன வாரம்தான் யாரோ வந்து தூசி தட்டி, பரீட்சைக்கென்று சில பெட்டிகளுக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவரை அவளுக்கும் அவள் தோழி மாரிச்செல்விக்கும் இந்த அட்டைதான் கம்ப்யூட்டர். பிஸ்கட் பெட்டியை வெட்டி, புத்தகத்துக் கீபோர்டு படத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வரைந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் இருவரும் மாறி மாறித் தட்டுவார்கள்.

தட்டுவது என்ன, அழுத்துவது. ஓர் எழுத்தின் மேல் விரலை ஊன்றி, அடுத்த எழுத்தைக் கண் தேடிப் பிடிக்கும்வரை அங்கேயே நிற்பது.

அட்டை ஒன்றும் சொல்லவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்களுடையது அட்டைச் சுரைக்காய்.

இன்று நிஜக் கீபோர்டு. எஃப் எழுத்தின் மேல் அதே மாதிரி விரலை ஊன்றினாள். அடுத்த எழுத்தைத் தேடினாள். நிமிர்ந்து பார்த்தால் திரையில் எஃப் எஃப்பாகக் கொட்டிக்கிடந்தது.

அழிக்கப் போனாள். அந்தப் பொத்தானையும் ஊன்றிப் பிடித்தாள். எல்லாம் போயிற்று.

மறுபடி எஃப். மறுபடி கொட்டியது.

அழிக்கும் பொத்தானை அவர்கள் அட்டையில் வரையவே இல்லை. அட்டையில் தப்பு விழுவதில்லை.

நேரம் முடிந்து எழுந்தபோது பின்னிருக்கையில் மாரிச்செல்வியின் திரை கண்ணில் பட்டது. கீழே விடை சுத்தமாக நின்றது. 120.

சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே பட்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

திருநெல்வேலியில் ஒரே காலேஜ், ஒரே கம்ப்யூட்டர் படிப்பு என்று இருவரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். இனி மாரிச்செல்வி மட்டும் அப்ளிகேஷனில் அதை எழுதட்டும். பெட்டியைத் தொடத் தெரியாதவளுக்குப் பெட்டிப் படிப்பு எதற்கு? எப்சிபா வேறு ஏதாவது எழுதிக்கொள்வாள். அதை மாரிச்செல்வியிடம் சொல்வதுதான் பாக்கி.

மாரிச்செல்வி கடைசியாக வந்தாள்.

"ஓடிச்சா?" ஜெயரூபிதான் கேட்டாள்.

மாரிச்செல்வி எப்சிபாவைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஓடல பிள்ள. எஃப்ப அழுத்துனேன். நாலஞ்சு எஃப்பா வந்து விழுந்துச்சு. அழிக்கப் போனா, எல்லாம் போச்சு."



எப்சிபாவுக்குக் காது சுட்டது. தன் கதையை இன்னொருத்தி வாயால் கேட்டுக்கொண்டு நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி போய் மாரிச்செல்வியின் தோளில் கை போட்டாள். பேப்பரில் எழுதிக் கொடுத்ததற்கு மார்க் உண்டு என்றாள்.

ஜெயரூபி செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஓடலட்டி," என்றாள் மெதுவாக.

அப்புறம் ஒருத்தி. அப்புறம் இன்னொருத்தி. ஒருத்திக்குக் கமா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையாம். ஒருத்தி திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம், போன் மாதிரி. இப்போது சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து ஒரு சைக்கிளைத் தள்ளிவிட்டார்கள்.

"எனக்கும்தான்," என்றாள் எப்சிபா.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு நெஞ்சு லேசானது.

பஸ் ஸ்டாப்பில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"ஒனக்கு ஓடிச்சு. நான் பாத்தேன்," என்றாள் எப்சிபா.

மாரிச்செல்வி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னால ஒனக்கு எஃப்பா கொட்டுறதப் பாத்தேன்லா. அதுக்குப் பொறவுதான் நான் விரல எடுத்தேன்."

பஸ்ஸைக் காணோம்.

சொல்ல வேண்டிய காலேஜ் விஷயம் எப்சிபாவின் நாக்கு நுனியிலேயே நின்றது. பையைத் திறந்தாள். அட்டையை எடுத்து இருவர் மடிக்கும் நடுவில் வைத்தாள். ஓரங்கள் நைந்துபோயிருந்தன. எஃப் கட்டத்தில் மை அழிந்தே போயிருந்தது.

மாரிச்செல்வி பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். அட்டையின் வலது மூலையில் புதிதாக ஒரு கட்டம் வரைந்தாள்.

அழிக்கும் பொத்தான்.

எப்சிபா எஃப்பின் மேல் விரலை வைத்தாள்.

எடுத்தாள்.