டாக்டரின் புது எஞ்சின்

“இந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒரு ஆள் வரல்ல, கிரேஸ்,” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே மருந்துப் பெட்டியை இறக்கி வைத்தார் டாக்டர் ஞானசிகாமணி.

“ராஜாக்கமங்கலத்துல வேற டாக்டர் வந்தாச்சோ?”

“யாரும் வரல்ல. நான் நோயாளி பாக்குற தோப்புக் கொட்டகையில சாயங்காலம் வரைக்கும் ஒத்தையில இருந்தேன். எனக்கு ஒண்ணும் புரியல்ல.”

போன மாதம்தான் மெக்கானிக் மீரா சாயிபு, டாக்டரின் அரதப்பழைய காரில் ராணுவ ஏலத்தில் வந்த எஞ்சினையும் கியர் பெட்டியையும் சைலன்சரையும் மாட்டிக் கொடுத்திருந்தார். இப்போது வழியில் ஒரு மருந்து பாட்டில்கூட உடைவதில்லை. வண்டி நேரத்துக்குப் போகிறது, நோயாளிகளைத்தான் காணோம்.

மறுநாள் காலை, காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜாக்கமங்கலத்துச் செல்லத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

“எங்க ஊரு வேண்டாம்னு வச்சிட்டியளா டாக்டரே? பிள்ளைய இம்புட்டுத் தூரம் சுமந்துட்டு வாறேன்.”

“நானா? வாராவாரம் வந்து காத்துக் கிடந்தேன். நீங்கதான் யாரும் எட்டிப் பாக்கல்ல!”

செல்லத்தாய் விழித்தாள்.

“வந்தியளா? ஒங்க கார் பாலத்துல ஏறும்போதே ஊரு முழுக்கக் கேக்குமே! அந்தச் சத்தம் கேட்டாத்தானே நாங்க வயல்ல இருந்து கரையேறுவோம்? நேத்து முழுக்கக் காதைத் தீட்டிட்டு இருந்தேன்.”

குழந்தைக்கு மருந்து கொடுத்த கையோடு டாக்டர் பட்டறைக்குப் போனார்.

“எஞ்சின்ல ஏதும் கோளாறு உண்டா டாக்டரே?” என்று பதறினார் மீரா சாயிபு.

“எஞ்சின் தங்கம், சாயிபே. அந்தச் சைலன்சரை மட்டும் கழத்திப் போடும்!”