நாற்பத்திரண்டாம் பக்கம்

"இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க தம்பி," என்று புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் காட்டினார் அந்த அம்மாள். 'ஜன்னல்களைச் சாத்துங்கள்' என்றிருந்தது.

தியான சபையின் பதிப்பாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணாவது தடவையா வர்றீங்கம்மா. இது தியானத்துல இறங்கின தெய்வவாக்கு. ரெக்கார்டர்ல பதிவானபடிதான் அச்சடிப்போம்."

"இதைப் படிச்சுட்டு எல்லா மையத்துலயும் ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்றாங்க. நேத்து புழுக்கத்துல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு மயங்கி விழுந்துட்டா."

"ஜன்னல்னா ஐம்புலன். விளக்கவுரையில போட்டிருக்கோமே!"

"ஒரு புலனும் இல்ல. அன்னிக்குக் குளிர்காத்து அடிச்சுது, அவ்வளவுதான்."

"தெய்வத்துக்குக் குளிருமா?" அவர் குரல் உயர்ந்தது.

"தெய்வத்துக்குக் குளிரல, எனக்குக் குளிருச்சு. தியானம் கலைஞ்சதும் நான் சொன்னதுப்பா அது."

பதிப்பாசிரியர் அசரவில்லை. "இருபது வருஷமா உங்க வாய் வழியாத்தான் வாக்கு வருது, இல்லேங்கல. ஆனா அந்த நேரம் உங்களுக்கு நினைவே இருக்காதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. எது எப்போ வந்துச்சுன்னு நீங்க எப்படிம்மா சொல்ல முடியும்?"

அந்த அம்மாள் புத்தகத்தை மூடினார். இருபது வருடங்களில் ஒருநாள்கூட அவர் பொய்யாகக் கண்ணை மூடியதில்லை.

"சரி, நாளைக்குக் காலையில கண்ணை மூடிக்கிட்டு, ஜன்னலைத் திறங்கன்னு சொல்றேன். அப்ப அச்சடிப்பீங்களா?"

பதிப்பாசிரியர் பேனாவை எடுத்தார். "தாராளமா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, போன வாரம் சரியாப் பதிவாகல."