அரை டம்ளர்

"இது கள்ளாட்டங்க்கா. இனிமே நான் ஒத்துக்க மாட்டேன்."

ஜெபஸ்டின் தடித்த புத்தகம் ஒன்றை மேசை மேல் பொத்தென்று போட்டான். ஆட்டத்தின் அசல் விதிப் புத்தகம். பெங்களூரிலிருந்து வரவழைத்தது.

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, ஹெலன் வீட்டில் கூடினால் பொழுது சாயும்வரை இந்தக் கதையாட்டம்தான். ஆளுக்கொரு வேஷம். ஹெலன் கதையைச் சொல்லிக்கொண்டே போவாள். ஆபத்து வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தாய், சின்ன எண் விழுந்தால் தொலைந்தாய்.

ஜெபஸ்டின் புதிதாகச் சேர்ந்தவன். ஆட்டம் பிடித்திருந்தது. ஹெலனின் சொந்த விதிகள்தான் பிடிக்கவில்லை. அதிலும் அந்த டம்ளர்! பகடையை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மற்றவர்கள் "போதும்" என்று கத்தும்வரை லொடலொடவென்று குலுக்கிக் கவிழ்க்க வேண்டுமாம்.

"புஸ்தகத்துல டம்ளர்னு ஒரு வரி காட்டுங்க பார்க்கலாம்."

"இல்லீங்க தம்பி. அது நம்ம ஊட்டு விதி."

"அப்புறம் கஸ்பார் அண்ணனுக்கு மட்டும் எப்படிங்க பெரிய நம்பராவே விழுது? டம்ளர்ல ஏதோ கைவேலை இருக்குது."

கஸ்பார் சிரித்தார். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவர். "சின்னப் பசங்க வாசிக்கட்டும்" என்று போன வருஷம் தானாக ஒதுங்கிக்கொண்டவர். ஆட்டத்தில் அவர் குறி தப்பாத வில்லாளி.

"உன்ற வீரன் போன வாரம் செத்துட்டான்ல, அந்தக் கடுப்பு உனக்கு, சாமி."

ஹெலனின் கணவர் மார்ட்டின் காபித் தட்டோடு வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல எல்லா டம்ளரிலும் பாதிதான்.

"இதுக்கும் ஊட்டு விதியாங்கண்ணா? பால் விலை ஏறிப்போச்சா?"

"இங்க அரைதானுங்க. தீர்ந்தா கேளுங்க. மறுபடி அரை தாரேன்."

"கஞ்சத்தனத்தையும் விதியாக்கிட்டீங்க. சரி, சொல்லுங்க. புஸ்தகமா, டம்ளரா?"

ஹெலனின் முகம் சுருங்கியது. "மத்த எல்லாத்தையும் உங்க புஸ்தகப்படியே வெச்சுக்கலாம் தம்பி. இந்த ஒண்ணை மட்டும் விட்டுருங்க."

"அந்த ஒண்ணுலதானுங்க சூட்சுமமே!"

"எனக்கு அந்தச் சத்தம் பிடிக்குமுங்க."

"சத்தம் வேணும்னா மணி வாங்கித் தாரேன்க்கா."

கஸ்பார் பகடை டம்ளரை மெல்ல ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"விடும்மா ஹெலன். தம்பி கேக்கறதும் நாயந்தானே. கையாலயே போடறேன்."

கதையில் அவர் முறை. கொல்லிமலை உச்சியில் பூதம் வழிமறித்து நிற்கிறது. வில்லாளி அம்பைத் தொடுக்கிறான்.

கஸ்பார் பகடையை எடுத்தார். நழுவியது. மறுபடி எடுத்தார். விரல்கள் உதறின. இடது கையால் வலது மணிக்கட்டை அமுக்கிப் பிடித்தார். அப்படியும் பகடை எகிறித் தரையில் விழுந்து பீரோவுக்கு அடியில் ஓடியது.

ஜெபஸ்டின் கைதட்டிச் சிரித்தான். "என்னங்கண்ணா, பூதத்தைப் பார்த்ததும் வில்லாளிக்கு இந்த நடுக்கம் நடுங்குது? டம்ளர் இல்லைன்னதும் சாயம் வெளுத்துப்போச்சா?"

யாரும் சிரிக்கவில்லை.

கஸ்பார் கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். எதிரே ஆறிக்கொண்டிருந்த காபியைத் தொடவில்லை.

"கொஞ்சம் வேலை கிடக்குது. வாரேன்."

வாசலில் அவர் குனிந்து செருப்பு வாரை மாட்டினார். அப்போதுதான் ஜெபஸ்டின் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தான். அது நிற்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு கஸ்பார் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மனசு கேட்காமல் ஜெபஸ்டின் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கே போனான். கஸ்பார் இரண்டு கைகளையும் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று பேசினார்.

"என்னை மன்னிச்சுருங்கண்ணா. எனக்குத் தெரியாமப் போச்சு."

"அட, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. ஆட்டம் சலிச்சுப்போச்சு. நீங்க ஆடுங்க."

அடுத்து வந்த ஞாயிறு ஜெபஸ்டின் புத்தகத்தை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தான். ஹெலனின் எவர்சில்வர் டம்ளரைத் தானே கழுவித் துடைத்து மேசை நடுவில் வைத்தான்.

"பழையபடி டம்ளரே இருக்கட்டுங்க்கா."

"யாருக்குங்க தம்பி?" ஹெலன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ட்டின் காபி கொண்டுவந்தார். காலி நாற்காலியைச் சுற்றி வந்து ஜெபஸ்டின் முன்னால் வைத்தார். விளிம்புவரை தளும்பி நின்றது நுரை.

"என்னங்கண்ணா, இன்னைக்கு முழு டம்ளரு?"

"முழுசாவே குடிங்க தம்பி. இனிமே சிந்தறதுக்கு இங்க யாருங்க இருக்கறாங்க?"