ஐந்து பேரில் ஒருவர்

"இவ இல்லை. வேற யாரை வேணும்னாலும் சொல்லுங்க. சோனியாவுக்குப் பொய் சொல்ல வராது" என்றான் முரளிதரன்.

மேசை நடுவில் அட்டையால் ஆன கோட்டை. அதன் மூன்று கதவுகளில் இரண்டு விழுந்துவிட்டன. சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவர் துரோகி. துரோகி கார்டு யாரிடம் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இந்தச் சுற்றில் சரியான ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் கடைசிக் கதவும் போய்விடும்.

அக்ரஹாரத்தில் மகேந்திரனின் மாடி வீட்டில், ஞாயிறு மத்தியானம் என்றால் போர்டு கேம்தான். முரளிதரன் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மனைவியை அழைத்து வந்தது இதுதான் முதல் தடவை.

"எப்படிப்பா அவ்வளவு உறுதியா சொல்றே?" என்றான் மகேந்திரன்.

"கல்யாணமாகி ஆறு வருஷம். சாம்பார்ல உப்பு போட மறந்தாக்கூட, நான் வாயில வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுவா. பொய் சொன்னா இவளுக்கு மூக்கு நுனி செவந்துடும். பாருங்க, செவந்திருக்கா?"

எல்லோரும் சோனியாவின் மூக்கைப் பார்த்தார்கள். அவள் கூச்சத்தோடு துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"சும்மா இருங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

"எனக்கு இவன் மேலதான் சந்தேகம்" என்று மகேந்திரனின் மனைவி நிர்மலா, எதிரே இருந்த தருண்குமாரைக் காட்டினாள்.

"அய்யோ அக்கா, நான் இல்லை! சாமுண்டியம்மா மேல சத்தியம்!"

"போன வாரமும் சாமுண்டியம்மா மேல சத்தியம் பண்ணிட்டுத்தான்டா ராஜாவைக் கொன்னே!"

சிரிப்பு அடங்கியதும் சோனியா முரளிதரனைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கு ரூல்ஸே இன்னும் சரியாப் புரியலை. ஆனா தருண் ரெண்டு தடவையும் கடைசியாத்தான் கார்டு போட்டார். அதான்..."

"பார்த்தீங்களா! புதுசா வந்தவ, இவளே கவனிச்சிருக்கா. தருண்தான். கை தூக்குங்க" என்றான் முரளிதரன்.

நாலு கைகள் உயர்ந்தன. தருண்குமார் தன் கார்டைத் தூக்கி மேசையில் போட்டான்.

காவல் வீரன்.

சோனியா தன் கார்டை மெதுவாகத் திருப்பி வைத்தாள். முக்காடு போட்ட உருவம். கையில் கோட்டைச் சாவி.

"அம்மாடி!" நிர்மலா எழுந்தே விட்டாள். "இந்தப் பூனையா?"

"முரளி, வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் ஒரு தடவை செக் பண்ணிக்கோ!" என்றான் தருண்குமார்.

எல்லோரும் சிரித்தார்கள். முரளிதரனும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

இன்னொரு ஆட்டத்துக்கு அழைத்தபோது, தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

ஸ்கூட்டர் இரண்டு தெரு தாண்டியது. சிக்னலில் நின்றபோது, கண்ணாடியைத் திருப்பி அவள் முகம் தெரியும்படி வைத்தான்.

"என்னங்க, கோபமா? விளையாட்டுதானே."

"விளையாட்டுதான். ஆனா என் கண்ணைப் பார்த்துச் சொன்னே. மூக்குகூட செவக்கலை."

"துரோகின்னா பொய் சொல்லித்தானே ஆகணும்? நீங்கதானே ரூல்ஸ் சொல்லிக் குடுத்தீங்க."

"ரூல்ஸ்தான் நான் சொல்லிக் குடுத்தேன். அந்த முகத்தை யார் சொல்லிக் குடுத்தா?"

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தவன், கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் ஓரம் கட்டினான்.

"ஒண்ணு கேட்கிறேன். போன மாசம் உங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னு ஒரு நாள் கிளம்பிப் போனே. அங்கேதான் போனியா?"

கண்ணாடியில் அவள் முகம் மாறியது.

"சொல்லு சோனியா."

"இல்லை."



"நமக்குள்ள பொய்யே கிடையாதுன்னு அஞ்சு பேர் நடுவுல பெருமையடிச்சேன். என்னை எப்பேர்ப்பட்ட முட்டாளாக்கிட்டே! அக்கா வீட்டுக்குப் போகலைன்னா எங்கே போனே?"

"ரோட்டுல கத்தாதீங்க."

"எங்கே போனே?"

"சரஸ்வதிபுரத்துக்கு. அங்கே புதுசா போர்டு கேம் கஃபே வந்திருக்கே, அங்கே."

அவளே தொடர்ந்தாள்.

"உங்க பொறந்த நாளுக்கு, நீங்க ரொம்ப நாளா ஆசைப்பட்ட அந்த ரயில் கேமை வாங்கலாம்னு போனேன். கண்ணாடிக் கதவு வழியாப் பார்த்தேன். நீங்க ஆபீஸ்ல இருக்க வேண்டிய நேரம். உள்ளே மஞ்சள் டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு, காலேஜ் பசங்களுக்கு ரூல்ஸ் சொல்லிட்டிருந்தீங்க."

அவன் திரும்பவில்லை.

"வாசல்ல இருந்த பொண்ணுகிட்ட மெதுவா விசாரிச்சேன். வேலை போனதுலேர்ந்து சார் இங்கேதான் இருக்கார்னு சொன்னா. நான் கேம் வாங்காமலே வந்துட்டேன். நீங்களா சொல்ற வரைக்கும் கேட்கக் கூடாதுன்னு இருந்தேன்."

முரளிதரன் கண்ணாடியைப் பார்த்தான். உடனே பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

சோனியா அவன் தோளில் கை வைத்தாள்.

"தினமும் சாயங்காலம் நீங்க உள்ளே நுழைஞ்சதும், 'இன்னிக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?'ன்னு கேட்கிறேன்ல... அந்த முகம்தாங்க அது."