காகத்துக்கு ஒரு முற்பிறவி

ஏரிக்கரை நாணலில் ஒரு வாத்து முட்டையிட்டிருந்தது. இரை தேடப் போகும்போது, "நல்ல குலத்தில் பிறந்தவர்" என்று அன்னத்தைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனது.

பாம்பு வந்தது. அன்னம் பறந்துவிட்டது. மரக்கிளையில் இருந்த காகம்தான் பாய்ந்து வந்து பாம்பைக் கொத்தி விரட்டியது. அந்தச் சண்டையில் அதன் சிறகு கிழிந்து தொங்கியது.

வாத்து திரும்பியதும் பறவைகள் கூடின. ஏரிக்கு நியாயம் சொல்வது கொக்கு. ஒற்றைக்காலில் தவம் செய்கிற பறவை அல்லவா!

"முட்டையைத் திருடித் தின்பது காகத்தின் பிறவிக் குணம். காப்பாற்றியதென்றால் இது காகமே அல்ல. போன பிறவியில் அன்னம். முனிவர் சாபத்தால் இப்படிப் பிறந்திருக்கிறது" என்றது கொக்கு.

எல்லாப் பறவைகளும் காகத்தை வணங்கின.

காகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சாமி, எங்கம்மா காக்கா, எங்கப்பாவும் காக்காதானே?"

"சாபம் அப்படித்தான். உனக்கு நினைவிருக்காது."

"அப்ப ஓடிப்போன அன்னம்?"

"அது போன பிறவியில் காகம். பழைய புத்தி ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டது, பாவம்."

"ஐயோ பாவம்" என்றன பறவைகள். வாத்து மறுபடியும் அன்னத்தையே காவலுக்கு வைத்தது.

காகம் ஏரித் தண்ணீரில் தன்னைப் பார்த்தது. கறுப்பாகத்தான் இருந்தது.

"நான் செஞ்ச நல்லது அன்னத்தோடது. அன்னம் செஞ்ச தப்பு காக்காயோடது. இருக்கட்டும் சாமி. இந்தச் சிறகு வலிக்குதே, இது யாருக்கு வலிக்குது?"

கொக்கு கண்ணை மூடிக்கொண்டு, காலை மாற்றி நின்றது.