கொடி தெரியாமல் ஒரு படம்

“நானா, பின்னால தெரியிற கொடியை எடுத்துவிடேலுமோ?”

அருந்ததி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

தலைநகரில், வெள்ளவத்தையின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில், அவள் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் பௌஸியின் சின்னக் கம்ப்யூட்டர் கடை. திரையில், அவள் கொண்டுவந்த சீடியிலிருந்த படத்தில், அவளுடைய கணவன் பாலசுந்தரம் சிரித்துக்கொண்டு நின்றான். சமாதான காலத்தில் வன்னிப் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டுப் போட்டியில் எடுத்த படம். பின்னால் இயக்கத்தின் புலிக்கொடி.

போன கிழமை அவனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் யாரென்று தெரியாது. மனித உரிமைக் காரியாலயத்துக்குப் படத்தோடு மனுக் கொடுக்க வேண்டும். மற்றப் படங்களெல்லாம் யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதையோ பூட்டு.

“மனுவையும் வேர்டில அடிச்சு இந்தச் சீடியிலயே போட்டிருக்கிறன் நானா. படத்தின்ர ஓரத்தை வெட்டியும் பாத்தனான். கொடி காதோட ஒட்டிக்கொண்டு நிக்குது. இவரை மட்டும் தனிய எடுத்து அதுக்குள்ள வைச்சுத் தாங்கோ.”

பௌஸி படத்தைப் பெரிதாக்கினார். மவுஸால் தலைமயிரின் ஓரமாக மெல்ல மெல்லக் கோடு இழுத்தார். பாதி முகம் வெள்ளைப் பின்னணிக்கு வந்துவிட்டது.

கண்ணாடிக் கதவு திறந்தது. தலைமயிரை ஒட்ட வெட்டிய ஒருவன் வந்து மூலையில் உட்கார்ந்தான். அவன் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. இவர்களைத்தான் பார்த்தான்.

பௌஸி சட்டென்று திரையை அணைத்தார்.

“இந்த வேலையெல்லாம் இங்க சரிவராது! எனக்கும் பொண்டாட்டி புள்ள இரிக்கி. எழும்புங்க!”

“நானா, மெதுவாக் கதையுங்கோ...”

அவர் ஒரு சீடியை எடுத்து இரண்டாக முறித்துக் குப்பைக் கூடைக்குள் எறிந்தார்.

“போங்க வெளிய! இனி இந்தப் பக்கம் வரப்படாது!”

அவள் ஒழுங்கையில் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் வந்த ஒவ்வொரு வாகனமும் தன்னருகே நிற்கப்போவது போலிருந்தது. இருந்த ஒரே படமும் போய்விட்டது. இப்படியும் ஒரு கோழையா? வாடகை அறைக்குள் வந்து கதவைப் பூட்டிவிட்டு அழுதாள்.

பொழுது படும் நேரம் கதவு தட்டப்பட்டது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மறுபடியும் தட்டல்.

“தங்கச்சி, நான் றஸ்மியா. கடைக்கார பௌஸிட பொஞ்சாதி.”

கதவை ஒரு விரற்கடை திறந்தாள். முக்காடு போட்ட பெண் ஒரு கவரை உள்ளே நீட்டினாள். அதற்குள் அச்சடித்த மனு. வெள்ளைத் தாளில் பாலசுந்தரம் மட்டும் சிரித்தான். கூடவே அவளுடைய சீடி.

“அவர் ஒடச்சது வேற சீடி. அந்த ஆள் வெளிய போனதும் அவசர அவசரமா இத முடிச்சு, மனுவில இருந்த விலாசத்தையும் சொல்லி என்ட கையில தந்தார்.”

அருந்ததி செருப்பை மாட்டினாள். “நான் இப்பவே வந்து நானாவிட்ட மன்னிப்புக் கேக்கோணும்.”

றஸ்மியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் அங்க இல்ல தங்கச்சி. அந்த ஆள் இன்னும் ரெண்டு பேரோட திரும்பி வந்து, நீங்க எங்க இரிக்கிற எண்டு கேட்டான். தெரியாதெண்டு சொன்னதுக்கு அவரையும் ஏத்திட்டுப் போயிட்டாங்க.”