விரல் நீளத் திருட்டு

"சேர், என்ர இழையைக் கஸ்பர் அண்ணை களவெடுக்கிறார்!"

ஆய்வு மாணவி துவாரகா கதவைக்கூடத் தட்டவில்லை. பேராசிரியர் தியாகலிங்கம் நிமிர்ந்தார்.

"கண்டனீரோ?"

"போன வெள்ளி என்ர கண்ணால கண்டனான். விரல் நீளத்துக்கு வெட்டிப் பொக்கற்றுக்க வைக்கிறார். மூன்று மாசமா இழை குறைஞ்சுகொண்டே வருது. அனுப்பப்போற கட்டுரையில அவற்ற பேரை நேற்றே வெட்டிப்போட்டன்."

முடியைவிட மெல்லிய காபன் நானோகுழாய் இழை அது. விமானத்தில் செப்புக் கம்பிக்குப் பதிலாகப் போடலாம் என்று நம்புகிறார்கள். அயடீன் ஆவியில் காட்டி அதன் மின்கடத்துதிறனை மும்மடங்காக்க அவளுக்கு இரண்டு வருடம் போனது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆய்வுகூடத்தில் மின் மீற்றர்களைப் பார்த்துக்கொள்ளும் கஸ்பரைக் கூப்பிட்டார்கள்.

"வெட்டினீரோ?"

"ஓம், சேர்."

"அதைப் பிறகு பாப்பம். பத்து மணிக்கு விமானக் கொம்பனி ஆக்கள் வருகினம். அவையின்ர கேள்வி ஒண்டுதான். அயடீன் பறந்துபோகாதோ? மூன்று மாசத்துக்குப் பிறகும் கடத்துதிறன் நிக்குமோ? நிக்காட்டி அடுத்த வருசம் இந்த வேலையே இல்லை. துவாரகா, அளந்து வைச்சிருக்கிறீரோ?"

துவாரகா அளந்திருக்கவில்லை. புது இழையை அளப்பாள், அடுத்ததுக்கு ஓடுவாள். பழசைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

கஸ்பர் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். அவள் விரித்தாள்.

'மில்லிக்கனில வீட்டு வாசல், காருக்குள்ள, குளிர் மைனஸ் இருபத்திரண்டு. கடத்துதிறன் குறையேல்லை.'

'குசினி. மனிசி மக்டலீன் மீன் பொரிச்சவ, வீடெல்லாம் புகை. குறையேல்லை.'

'ஒடியல் கூழ் ஆவி, ரெண்டு மணித்தியாலம். மயிரிழையளவு குறைவு.'

பன்னிரண்டு வாரம். வெட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு திங்கட்கிழமைகூடத் தவறாமல் ஆய்வுகூட மீற்றரில் அளந்திருந்தார்.

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "இது காணும் ஐசே, இதைக் காட்டினாலே போதும்!"

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?" துவாரகா கேட்டாள்.

"கடத்துதிறன் விழுந்தா நீர் உடைஞ்சுபோவீர், தங்கச்சி. அப்பிடியெண்டா ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொப்பியை மூடினாள்.

மட்டையில், ஆய்வு செய்தவர் என்ற இடத்தில், குண்டெழுத்தில் 'துவாரகா' என்று இருந்தது. கஸ்பர் தன் பெயரை எங்குமே எழுதியிருக்கவில்லை.